பெயர் தெரியாத குரல்

தட்டான்கள் எல்லாம் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பொழுது சாயும் நேரத்தில் அவை நாணலில் அடைய வருவது வழக்கம்தான். ஆனால் ஆளுக்கொரு திசையில், இஷ்டத்துக்கு உட்காரும். இன்றைக்கு ஒன்றுவிடாமல் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒரு தட்டானின் பெயரைச் சொல்ல இறக்கை நரம்பும் வாலின் கட்டங்களும் தெரிய வேண்டும். இளவேனிலின் கேமராவில் விழுந்ததெல்லாம் முகம், முகம், முகம். லென்ஸை மூக்கருகே கொண்டுபோயும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. உன்னைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியிருக்கிறது என்று கிஷோர் கிண்டல் செய்தான். அவள் சிரித்துவைத்தாள். பிடிக்கவில்லை.

இருவரும் ஒரே கம்பெனி, பெங்களூர் ஈஜிபுராவில் ஒற்றைப் படுக்கையறை வீடு, கல்யாணமாகி இரண்டு வருஷம். சனிக்கிழமையானால் அத்திபெலேயைத் தாண்டி இந்த ஏரிக்கு வந்துவிடுவார்கள். அவளுக்குத் தட்டான், அவனுக்குப் பறவை. போன வாரம் புயல் கரையேறியபோது கடலோரத்து ஆலாப் பறவைகள் காற்றில் அடித்துவரப்பட்டு பெங்களூர் ஏரிகள்வரை வந்திருந்தன. ஊரில் கேமரா வைத்திருந்தவர்கள் எல்லாம் ஏரி ஏரியாக அலைந்தார்கள். கிஷோருக்கு ஆலா கிடைக்கவில்லை. இந்த ஏரியில் ஒரு குரல் கிடைத்தது.

ஈரத் தரையில் கனமான நாற்காலியை யாரோ மூன்று தரம் இழுப்பதுபோல ஒரு சத்தம், கடைசியில் நீளமாக ஒரு மூச்சு. எந்தப் பறவை என்று அவர்களுடைய பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. குரலை வைத்துப் பெயர் சொல்லும் ஆப்பும் கைவிரித்துவிட்டது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஸ்ரீரஞ்சனிதான் குழுவில் கடைசி வார்த்தை. அவள் குரல் செய்தி அனுப்பினாள்: "கிஷோர், அது யாருன்னு தெரியாம அதோட குரலை அதுக்கே போட்டுக் காட்டாதீங்க. சும்மனே கேட்டுட்டு வந்துடுங்க."

பறவையின் குரலைப் பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டினால், ஜோடி அழைக்கிறதென்றோ எதிரி வந்துவிட்டதென்றோ நம்பி மறைவிலிருந்து வெளியே வரும். பாவம், செய்யக் கூடாது என்பார்கள். பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். மாநிலத்திலேயே முதல் பதிவு என்று தன் பெயர் வர வேண்டும் என்பது கிஷோரின் கனவு. இளவேனிலுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆகவே ஸ்பீக்கரோடு வந்திருந்தார்கள்.

வந்திறங்கியபோது வெயில் இருந்தது. அவள் காரிலிருந்து கேமரா முக்காலியை இறக்கிக்கொண்டிருக்க, அவன் பொறுமையில்லாமல் கரையிலிருந்து கூப்பிட்டான்: "வேனில், சீக்கிரம் வா." ஓசூர் ரோட்டில் ஏதோ லாரி பாட்டு ஹாரனை அடித்துக்கொண்டு போனது. இப்போது வெயில் இறங்கிவிட்டது. பதிவு அவன் போனில் இருந்ததால் போனையும் ஸ்பீக்கரையும் அவளிடம் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, கேமராவோடு எதிர்க்கரைக்கு நடந்தான். அவள் இங்கே குரலைப் போட வேண்டும், அது எட்டிப் பார்க்கும்போது அவன் அங்கிருந்து எடுக்க வேண்டும். அவளுடைய போன் காரிலேயே சார்ஜில் கிடந்தது.

முதல் தரம் போட்டதும் தவளைகள் நின்றன. இரண்டாம் தரம் போட்டபோது காற்று நின்று, தண்ணீரின் மேலிருந்த சாக்கடை நாற்றம் விலகி, அதற்கடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. உப்பும் பாசியும், ஐஸ் உருகிப்போன மீன் பெட்டியின் கவிச்சியும் கலந்த வாடை. கடலே இல்லாத ஊரில் அவளுக்குக் கடல் மணத்தது. மூன்றாம் தரம் போட்டாள். நாணலுக்குள் ஏதோ தண்ணீரைக் கலக்காமல் இடம் மாறியது. பதில் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது, போதும், கிளம்பலாம் என்று நினைத்தாள்.

"வேனில், சீக்கிரம் வா."

நாணலுக்குள்ளிருந்து. கிட்டத்தில்தான். எதிர்க்கரைக்குப் போனவன் தண்ணீருக்குள் எப்படி இறங்கினான் என்ற எரிச்சலோடு, கால் வழுக்கிவிட்டதோ என்ற பயத்தோடு, செருப்பைக் கழற்றாமலே இறங்கினாள். சேறு கணுக்காலை இழுத்தது. மறுபடி கூப்பிட்டான். முழங்கால்வரை தண்ணீர். வந்துட்டேன், இரு என்றாள். மறுபடி கூப்பிட்டான், அதே அவசரம், அதே ஏற்ற இறக்கம். குரலுக்குப் பின்னால் ஒரு லாரியின் பாட்டு ஹாரன்.

அவள் நின்றாள். ரோடு அவளுக்குப் பின்பக்கம் இருந்தது. ஹாரன் முன்னாலிருந்து வந்தது.

மறுபடி. அதே குரல், அதே இடத்தில் அதே ஹாரன். எத்தனையோ பறவைக் குரல்களைப் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டவள் அவள். பதிவில் பின்னணிச் சத்தமும் கூடவே வரும். உள்ளே இருந்தது கிஷோர் இல்லை. வெயிலில் அவன் கூப்பிட்டதை எதுவோ வாங்கி வைத்திருந்து, அவளுக்கே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

மெல்லப் பின்வாங்கினாள். நாணல் மட்டும் அசைந்தது. கரையேறியதும்தான் எதிர்க்கரையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. நெற்றி விளக்கு. உயிர் வந்ததுபோல் இருந்தது. ஆனால் விளக்கு கரையில் இல்லை. தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து, தெளிவாக, அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது: "வந்துட்டேன், இரு."

அவனையும் கூப்பிடுகிறது.

அவன் போனோ அவள் கையில். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கிஷோர், அது நான் இல்ல. உள்ள போகாத. இந்தப் பக்கம் வா."

விளக்கு நின்றது. அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு அழுகை வந்தது.

"இந்தப் பக்கம் வா." வலது பக்கத்து நாணலிலிருந்து. அவளுடைய குரல்.

"இந்தப் பக்கம் வா." இடது பக்கம்.

"இந்தப் பக்கம் வா." ஏரியின் நடுவிலிருந்து, கனிவாக.

விளக்கு இங்கும் அங்கும் திரும்பியது. மறுபடி கத்த வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். என்ன சொன்னாலும் அது எடுத்துக்கொள்ளும். போனின் டார்ச்சைப் போட்டுத் தலைக்குமேல் ஆட்டினாள். அவனைச் சுற்றி ஆள் உயர நாணல், அதில் பட்டுத் திரும்பிய அவன் விளக்கொளியே அவன் கண்ணைக் கூசவைத்தது. அவனுக்குத் தெரியவில்லை. கேமராவை வைத்த இடத்துக்கு ஓடினாள். ஃப்ளாஷை அடித்தாள். அடித்தாள். ஒவ்வொரு வெளிச்சத்திலும் தட்டான்களின் கண்கள் மட்டும் மின்னின.

"வேனில், கத்தாத, கேக்குது." கிஷோரின் குரல். பின்னால் எந்த ஹாரனும் இல்லை. மூச்சு வாங்கியது, சிரித்தது. அவனேதான். "கிட்ட வந்துட்டேன்."

நடுவை நோக்கி நடந்தான்.

தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இனி ஒரு சொல்லும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் சலசலத்தது. நின்றது. அவன் ஏதோ கேட்டான், பாதியில் முடிந்தது.

விளக்கு மேலே எழுந்தது.

நாணலுக்கு மேலே. கரையோரத் தைலமரங்களின் உயரத்துக்கு. அங்கே ஒரு கணம் ஆடாமல் நின்றது. பிறகு, நாரை விழுங்குமுன் மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளுமே, அப்படி ஒரு வெட்டு வெட்டிப் புரண்டது. வெளிச்சம் தெரியவில்லை.

அணைந்துவிட்டது என்று நினைத்தாள்.

அணையவில்லை. நிறம் மாறியிருந்தது. தோலுக்கு உள்ளிருந்து, சிவப்பாக, நரம்புகளைக் காட்டிக்கொண்டு, நீளமான ஒரு கழுத்து வழியே அந்த விளக்கு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.