செத்தவன் கவசத்தில் என் பெயர்

பகல் ஷிஃப்ட் முடிந்த கையோடு பகலவன் ராயபுரத்தில் அமீரின் மாடி அறைக்கு ஏறினான். மரப்படியெல்லாம் கருவாட்டு வாடை. இருவருக்கும் எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஒரே வேலை. இந்த அறையில் ஒரே கம்ப்யூட்டர், அதில் ஆடும் போர் ஆட்டத்தில் ஒரே கோட்டை. மூன்று வருடமாகக் கல் கல்லாக அடுக்கியது. வாசலில் மோதிச் சாகும் எதிரிகளின் கவசம், வாள், செருப்பு வரை உரித்துக் கிடங்கில் சேர்ப்பதில் பகலவனுக்கு அலாதி ருசி.

ஒரு வாரமாகக் கிடங்கில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது.

அறைச் சாவி இருவரிடம்தான். அமீரை விட்டால் பகலவனுக்கு வேறு நாதி கிடையாது. அவனைச் சந்தேகிக்க மனசு கூசியது, ஆனாலும் சந்தேகப்பட்டான்.

"கவசத்த நீ எட்த்தியா?"

"நா பத்து நாளா சிஸ்டத்தையே தொடல மாமு," என்றான் அமீர், முகத்தைப் பார்க்காமல்.

அப்படிப் பார்க்காததுதான் உறுத்தியது. அமீர் டீ வாங்கக் கீழே இறங்கியதும் பகலவன் யார்டு வழக்கத்தைக் கையில் எடுத்தான். அங்கே ஹெல்மெட், கையுறை களவு போகாமலிருக்க ஆளாளுக்குப் பெயின்டில் பெயர் எழுதிவைப்பார்கள். ஆட்டத்திலும் பொருளுக்குப் பெயர் வைக்க வசதி இருந்தது. செத்தவர்களிடம் உரித்த அத்தனை கவசத்துக்கும் 'பகலவன்' என்று போட்டான். இனி எடுக்கட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

கடைசிக் கவசத்துக்குப் பெயரிட்டபோது அறையில் துருவும் ரத்தமும் கலந்த நாற்றம் எழுந்தது.

ஜன்னல் சாத்தியே இருந்தது.

திரையில், கோட்டை வாசலில் ஓர் உருவம் நின்றது. வெற்றுடம்பு. பகலவன் அதன்மேல் அம்புக்குறியை வைத்தான். தலைக்கு மேல் பெயர் தெரிந்தது.

பகலவன்.

அது கிடங்குக்குள் நடந்தது. ஒரு கவசத்தை எடுத்து நிதானமாக அணிந்தது. பிறகு வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டது.

இதுவும் அமீர் கீழே நின்று போன் வழியாகக் காட்டும் வேலைதான் என்று பகலவன் முடிவுகட்டினான். டீக்குக்கூட நிற்காமல், சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனான்.

மறுநாள் காலை யார்டு கேட்டில் காவலுக்கு இருந்த கெங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு நீ?"

"இன்னாக்கா, நாந்தான் பகலவன்."

"பகலவன் உள்ள போயி அர மணி நேரம் ஆவுது."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். அவன் கையெழுத்தேதான்.

பகலவன் கேட்டை விட்டு வேலியோரம் ஓடினான். கம்பி வேலிக்கு அப்பால் அமீர் போய்க்கொண்டிருந்தான். அவன் தோளில் கை போட்டபடி இன்னொருவன், தலையில் மஞ்சள் ஹெல்மெட். அதன் பின்பக்கம் பகலவன் தன் கையால் எழுதிய பெயர்.

"அமீரு, நாந்தான்டா பகலவன்."

அமீர் திரும்பினான். முன்பின் பார்த்திராதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"யாரு மாமு அது? உன் பேர சொல்லிகினு நிக்கிறான்," என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்.

ஹெல்மெட் திரும்பவில்லை. அமீரின் தோளில் கிடந்த கை மட்டும் மெல்ல இறுகியது.