கம்பத்தின் உயரம்

அன்று காற்று அடித்ததா, ஓய்ந்திருந்ததா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. சின்னம்மா யூஷியா இதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் காற்றை வேறுவேறாகச் சொன்னாள். அவள் சொன்னதையும் நானாகச் சேர்த்துக்கொண்டதையும் பிரிக்க முடியவில்லை. கைபேசியில் படம் நின்றது என்பதில் மட்டும் அவள் ஒருமுறைகூட மாறவில்லை.

படத்தில் சித்தப்பா சிங்தியென் நூடுல்ஸ் கிண்ணத்தை வாயருகே தூக்கியிருந்தார். அப்படியே உறைந்தார். ஓர் இமைப்பு. பிறகு உறிஞ்சினார்.

அவர் இருந்தது மீன்குளங்களுக்கு அப்பால், கடலோரத் தகரக் கொட்டகையில். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அதன் கூரை நகத்தளவு தெரியும். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். ஆனாலும் வெயில் காலத்தில் குளத்தை விட்டு வரமாட்டார். தண்ணீரை அடிக்கும் ஏரேட்டர் நின்றுவிட்டால் பால்கெண்டை மொத்தமும் வயிறு மேலாக மிதந்துவிடும். தனியாகக் கிடக்கும் மனிதருக்கு மார்வலி வந்தால் யாருக்குத் தெரியும்? அந்தப் பயத்தில்தான் யூஷியா, கைபேசியில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கொட்டகையில் ஒரு காமிரா வைத்து, வீட்டு வைஃபையை அங்கே வரை கொண்டுபோகச் சொன்னாள். கொழுந்தன் வென்லுங் இரண்டு தட்டு ஆன்டெனாக்களை வாங்கிவந்து, ஒன்றை வீட்டு மாடியிலும் ஒன்றைக் கொட்டகைப் பக்கமும் முகத்துக்கு முகம் பார்க்கும்படி வைத்தான். நடுவில் அலையாத்தி மரங்கள் மறைத்தன. அதனால் கொட்டகையருகே மிக நீண்ட மூங்கில் ஒன்றை நட்டு, உச்சியில் தட்டையும், குறி பார்க்க ஒரு சிவப்பு விளக்கையும் கட்டினான்.

"ஏழாம் மாசத்துல மூங்கில் நடாதேன்னேன்ல?" என்றாள் யூஷியா.

"அது கோயில் கம்பம் அண்ணி. இது இன்டர்நெட். நம்ம பாஸ்வேர்டு அவங்களுக்குத் தெரியாது, கவலப்படாதீங்க."

"சிரிக்காதடா."

செத்தவர்கள் வந்துபோகும் மாதம் என்பதால், எங்கள் சந்திரக் கணக்கின் ஏழாம் மாதம் கோயில் முற்றத்தில் மூங்கில் நட்டு உச்சியில் விளக்குக் கட்டுவது வழக்கம். நாதியற்றுச் செத்தவர்கள், கடல் கொண்டுபோனவர்கள், அவர்களை 'நல்ல அண்ணன் தம்பிகள்' என்றுதான் சொல்வோம், வேறு பெயர் சொல்லமாட்டோம். அவர்கள் அந்த விளக்கைப் பார்த்து வருவார்கள். கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்திலிருந்து வருவார்கள். வந்த எல்லோருக்கும் சோறு போட்டாக வேண்டும். அதனால் ஊரில் இருக்கும் அரிசியைப் பார்த்துத்தான் மூங்கிலை வெட்டுவார்கள்.

மறுநாளும் படம் நின்றது. அதற்கடுத்த நாள் அடிக்கடி. வென்லுங் மாடிக்கு ஏறித் தட்டைத் திருகிப் பார்த்தான்.

"யாராச்சும் குறுக்க போனா இப்படித்தான் ஆகும் அண்ணி. மனுச உடம்பு பூரா தண்ணி. அலைய உறிஞ்சிரும். நடுவுல போனா அவ்வளவா தெரியாது. தட்டுக்குக் கிட்டத்துல போனாத்தான் சிக்னல் மொத்தமா விழும்."

"அம்மாம் உயரத்துல யாருடா போவா?"

அவன் திருகாணியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் குளங்களைப் பார்த்தான். "கொக்கா இருக்கும்" என்றான். அதற்குப் பிறகு அவன் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

அன்று அந்தி சாயும் நேரம். யூஷியா அடுப்படியில் கைபேசியைச் சோயா புட்டியில் சாய்த்துவைத்துவிட்டு இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். சேற்றின் உப்பு நாற்றம் ஜன்னல் வழியாக வந்து, இஞ்சியின் காரத்தையும் மீறி, நனைந்த துணியை முகத்தில் போட்டதுபோல மூச்சில் படிந்தது. படம் நின்றது. ஓடியது. நின்றது. குறுகலான வாசலில் ஒருவர் பின் ஒருவராக நுழைவதுபோல. ஓடிய ஒவ்வொரு தடவையும் சிங்தியெனின் மேசையில் இன்னொரு கிண்ணம் இருந்தது. அங்கே இருந்ததே ஒரு கிண்ணம்தான். மற்றவை டப்பா மூடிகள், எண்ணெய்க் குவளை, அறுத்த கேன். சோறு தீர்ந்திருந்தது. அவர் மீன்தீனியை அள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க இதெல்லாம்?"

காமிராவின் ஒலிபெருக்கியில் அவள் குரல் அங்கே கேட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை.

"வந்தவங்களுக்கு. பத்தல யூஷியா."

"போட்டது போட்டபடி இருக்கட்டும். நீங்க கிளம்பி வாங்க."

"எப்படி வர? வாசல்ல நிக்க இடமில்லையே."

வாசல் படத்தில் தெரிந்தது. திறந்திருந்தது. யாருமில்லை. குளத்து நீர் மட்டும்.

படம் நின்றது. பிறகு ஓடவே இல்லை.

குக்கரில் இருந்த சோற்றை அப்படியே பானையில் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வென்லுங் ஸ்கூட்டரை ஓட்டினான். கரையில் ஏறியதும் அவளுக்கு முதலில் உறைத்தது சத்தமில்லாமைதான். ஏரேட்டர்கள் நின்றிருந்தன. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்தன. ஆயிரம் சின்ன வாய்கள். பக் பக் என்று. ஸ்கூட்டர் முக்கியது. பாரம் ஏறியதுபோல.

"பின்னாடி திரும்பாதீங்க அண்ணி."

அவள் திரும்பவில்லை. கழுத்தில் ஈரம். மூச்சு இல்லை. ஈரம் மட்டும்.

கொட்டகை. கதவு. விளக்கு.

அவர் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கிண்ணங்களும் துடைத்தாற்போல் இருந்தன. பானையை அவள் இறக்குமுன் பிடுங்கி ஒரு பிடி சோற்றை வாயில் திணித்தார். மென்றார். விழுங்கவில்லை. குஞ்சுக்குக் குனியும் பறவைபோலப் பக்கவாட்டில் குனிந்தார்.

வாயைத் திறந்தார்.

வென்லுங் அன்றே மூங்கிலை வெட்டிச் சாய்த்தான். இப்போது தாவ்யுவான் நகரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வருவதில்லை. மீன்கள் எல்லாம் செத்தன. குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. சின்னம்மா சியாயி நகரில், சித்தப்பாவைச் சேர்த்திருக்கும் காப்பகத்துக்கு எதிரே ஓர் அறையில் இருக்கிறாள். சித்தப்பா உயிரோடு இருக்கிறார். அவருக்கு உணவு மூக்குக் குழாய் வழியாகப் போகிறது. ஆனாலும் சின்னம்மா தினமும் கொஞ்சம் கஞ்சி ஊட்டுகிறாள், ஊட்டாவிட்டால் அழுகிறார். வாங்கியதை விழுங்காமல் கட்டிலின் இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய், கால்மாட்டில் ஒரு வாய் என்று குனிந்து குனிந்து உதிர்க்கிறார். நான் பார்க்கப் போனபோது துடைப்பதற்குத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். தரையில் ஒரு பருக்கைகூட விழவில்லை.