கழுவக் கழுவ

பன்னீர் திராட்சை மணம் முதலில் எழுந்தது ஏழாம் கட்டிலிலிருந்து.

நர்ஸ் ரோசலின் அப்போது காயத்தின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பழுத்த பழத்தை விரலால் நசுக்கியதுபோல, இனிப்பாக, இதமாக, மூக்கைத் தேடிக்கொண்டு வந்தது அது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். போர்ட் பிளேரில் அந்த வருஷம், 1967இல், யாரும் திராட்சையைக் கண்டதில்லை. மெட்ராஸ் கப்பல் வந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கே தீர்ந்துவிட்டது. மறுபடி குனிந்தாள். மணம் காயத்திலிருந்து வந்தது. கட்டுத்துணியின் உள்மடிப்பில், மயில்துத்தம் கரைத்து ஊற்றியதுபோல நீலப்பச்சையாக ஒரு கறை.

ஏழாம் கட்டிலில் கிடந்தவர் மரம் அறுக்கும் ராஞ்சிக்காரர். ஒன்பதாம் நாள் இறந்தார். அடுத்தது மங்கையர்க்கரசி, மேஸ்திரி சொக்கலிங்கத்தின் மனைவி. ஸ்டவ் வெடித்துக் கையும் தோளும் வெந்திருந்தன. ஆறிக்கொண்டு வந்த புண் ஒரு சாயங்காலம் மணக்கத் தொடங்கியது. ரோசலின் நாளைக்கு மூன்று முறை கழுவினாள். பன்னிரண்டாம் நாள் அந்தக் கட்டிலும் காலியானது.

இப்போது பதினோராம் கட்டிலில் அவளுடைய தம்பி சிலுவைராஜ். மின்னி பே கரையில் மோட்டார் போட்டின் விசிறி அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. சுத்தமான வெட்டு, எட்டுத் தையல். பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆறாம் நாள், மழையோடு இருட்டிக்கொண்டு வந்த ஐந்து மணிக்கு, ரோசலின் அவன் கட்டைப் பிரித்தாள். பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கைகள் மெதுவாகச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தன.

"என்னக்கா, மூஞ்சிய இப்புடி வச்சிருக்க? பழம் திங்கப்போனவள சீலா மீன் கடிச்ச மாதிரி."

"பேசாம படு."

"நல்லா மணக்குதுல்ல? எவனோ பழம் ஒளிச்சு வச்சிருக்கான். பாத்து வாங்கிக் குடு, தேடாம சும்மா நிக்கியே."

அவள் மருந்து ஜாடியை இழுத்தாள்.

அந்த ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இருந்தது செட்ரிமைட் கரைசல். ஒரு நைட்ரஜன் அணுவை நான்கு கார்பன் கைகள் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கைகள் குட்டை. நான்காவது மட்டும் நீண்ட கொழுப்பு வால். தலையில் நேர்மின்னூட்டம், கிருமியின் தோலில் எதிர்மின்னூட்டம். தலை போய் ஒட்டிக்கொள்ளும், வால் தோலுக்குள் ஊசிபோல் இறங்கும், கிருமி ஓட்டையாகி ஒழுகிச் சாகும். இந்தக் குடும்பத்து மருந்துகளுக்குக் குவாட்டர்னரி அமோனியம் என்று பெயர்.

மருந்து வெள்ளைத் தூளாக டப்பாவில் வரும். அந்தத் தூளுக்கு எல்லோரும் பயந்தார்கள், பயப்பட வேண்டியதுதான். கண்ணில் விழுந்தால் கருவிழி வெந்துபோகும். மூக்கில் ஏறினால் தும்மித் தும்மி ரத்தம் வரும். விழுங்கிவிட்டாலோ, நெஞ்சின் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, மூச்சே நின்றுபோகலாம். அதனால் ரோசலின் கையுறையும் கண்ணாடியும் போட்டு, மூக்கில் துணி கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் டப்பாவைத் திறப்பாள். தூளைத் தண்ணீரில் மெல்ல, நுரைக்காமல் கரைப்பாள். கரைத்த பிறகு பயம் போய்விடும். கரைசல் சாதுவானது. நுரைக்கும், கொஞ்சம் வழுவழுக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சாதுவான நீரால் தம்பியின் காலைக் கழுவினாள். காலை, மதியம், சாயங்காலம். கொசுவலையைக் கொதிநீரில் போட்டாள். மழைநீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டு அதைத் தேய்க்கவைத்தாள். தன் கையைச் சந்தேகப்பட்டாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னும் பின்னும் ஜாடிக்குள் விரல்களைவிட்டு, ஊறிக்கிடக்கும் பஞ்சைப் பிழிந்து, முழங்கைவரை தடவிக்கொண்டாள். தோல் உரிந்தது. அப்போதும் விடவில்லை.

நீலம் வளர்ந்தது. இரண்டு நாளில் நான்கு தையல் தானாக விட்டுக்கொடுத்தது. சிலுவைராஜ் கேலி பேசுவதை நிறுத்தினான்.

"பென்சிலினுக்கு அசையல," என்றார் டாக்டர், இந்தியும் வங்காளமுமாக. "முட்டியைத் தொட்டா காலை எடுக்கணும். ரத்தத்துல போயிட்டா..." முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வார்டில் நடக்கும்போது ரோசலினுக்கு ஒன்று புலப்பட்டது. புலப்பட்டதும் கால் நின்றது. வெளித் திண்ணையில் இடமில்லாமல் படுத்திருந்த இரண்டு தெலுங்குக் கூலிகள். அவர்களைக் கவனிக்க ஆளில்லை. வாரத்துக்கு ஒருமுறை யாராவது வெந்நீர் ஊற்றிவிடுவார்கள். அவர்கள் புண் சிவப்பாக, காய்ந்து, பொருக்குத் தட்டி ஆறிக்கொண்டிருந்தது. மணமில்லை. கறையில்லை.

அவள் தொடாதவர்கள் ஆறுகிறார்கள்.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அவள் தன் கைகளை விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். சிவந்து, வெடித்து, சுத்தமாக இருந்தன.

ஆய்வுக்கூடம் பின்கட்டில் ஒற்றை அறை. அங்கே பக்தவத்சலம் என்ற வேலூர்க்காரர் மலேரியா ரத்தம் பார்ப்பார். ரோசலின் தம்பியின் கட்டுத்துணித் துண்டைக் கொடுத்தாள். பிறகு தன் விரல்களை நீட்டினாள்.

"இதையும் பாருங்க சார்."

"கையையா? சிஸ்டர், இந்த ஆஸ்பத்திரியிலயே சுத்தமான பொருள் உங்க கைதான். டாக்டர் சாப் கையைக் கேட்டிருந்தாலாவது யோசிப்பேன்."

"பாருங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கடற்பாசிக் கூழ் உறைந்த கண்ணாடித் தட்டுகளை எடுத்தார். ஒன்றில் சீழ். ஒன்றில் அவள் விரல். "ஒப்பிட்டுப் பாக்க எதுவுமே முளைக்காத தட்டு ஒண்ணு வேணும். உங்க ஜாடித் தண்ணில ஒரு சொட்டு கொண்டாங்க. மருந்தோட வேகம் தட்டுல வேலை செய்யாம இருக்க நூறு பங்கு தண்ணி கலந்து தடவுறேன்." மூன்றையும் மண்ணெண்ணெய் விளக்கு சூடேற்றும் பெட்டிக்குள் வைத்தார்.

இரண்டு நாள்.

இரண்டு நாளும் ரோசலின் கழுவினாள். வேறென்ன செய்வது? தம்பிக்குக் காய்ச்சல் ஏறியது. முழங்காலுக்கு நான்கு விரல் கீழேவரை நீலம் வந்திருந்தது. ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் தூக்கத்தில் கடலைப் பற்றி ஏதோ சொன்னான். காலை வெட்டி எடுக்க மறுநாள் விடிந்ததும் என்று நாள் குறித்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணி. இருட்டு. பின்கட்டு.

பக்தவத்சலம் விளக்கை மேசைமேல் இறக்கி வைத்திருந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை.

சீழ்த் தட்டு பச்சை. எதிர்பார்த்ததுதான். விரல் தட்டு. நான்கு விரல் தடமும் பச்சை. ஒவ்வொரு ரேகையும்.

மூன்றாவது தட்டு.

முழுப் பச்சை. ஓரம்வரை. மினுமினுப்பாக. மூடியைத் திறந்ததும் அறை முழுக்கத் திராட்சைத் தோட்டம்.

"தட்டு மாறிப்போச்சு," என்றாள்.

"மாறல."

"அது மருந்து சார்."

"மூடி எங்க, சிஸ்டர்? கண்ணாடி மூடி?"

"கப்பல்ல ஒடைஞ்சு வந்துச்சு. கார்க்ல பஞ்சு சுத்தி வச்சிருக்கோம்."

"உள்ளயும் பஞ்சு ஊறுது. கார்க்கும் பஞ்சும் இந்த மருந்தை உறிஞ்சி வச்சுக்கும். பாக்க மருந்து, உள்ள வெறும் தண்ணி. அந்தத் தண்ணியில வாழக் கத்துக்கிட்ட கிருமி ஒண்ணு இருக்கு." தயங்கினார். "ஜாடியைக் கடைசியா எப்பக் காலி பண்ணீங்க?"

அவள் யோசித்தாள். கப்பல் வருமோ வராதோ என்று ஒரு சொட்டையும் கொட்டக்கூடாது. அந்தத் தீவில் எல்லாச் சாமானுக்கும் அதுதான் வழக்கம். அடியில் நாலு விரல் மிச்சம் இருக்கும்போதே மேலே புதிதாக ஊற்றிவிடுவார்கள். அதைச் சிக்கனம் என்று மெச்சியவரே டாக்டர்தான்.

"ஜூலையிலேருந்து காலி பண்ணல."

வீட்டில் தயிர் தோய்க்கிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடியில் கொஞ்சம் பழையது. மேலே புதியது. நான்கு மாதமாக அவள் உறை ஊற்றியிருக்கிறாள். ஊற்றியதை விரலில் எடுத்து, ஒவ்வொரு புண்ணாக, அன்போடு, நாளைக்கு மூன்று முறை.

வார்டுக்கு ஓடினாள். ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் போனது. பஞ்சு வரவில்லை. உலுக்கினாள். பிறகு ஒரே கட்டியாக, ஜாடியின் வடிவத்திலேயே, வழுக்கிக்கொண்டு இறங்கி விழுந்தது. அதன் மேற்புறத்தில் நான்கு பள்ளங்கள். அவள் விரல்கள் தினமும் அழுத்திய பள்ளங்கள். நான்கிலும் நீலப்பச்சை நிரம்பியிருந்தது.

பின்னால் பக்தவத்சலம் ஒரு புட்டியோடு நின்றார். "காடியோட சாரம், அசிட்டிக் ஆசிட். நூத்துக்கு ஒரு பங்கு போதும். இந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. டாக்டர்கிட்ட நான் நாலு நாள் தவணை கேட்டுட்டேன்."

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. எட்டாம் நாள் கட்டுத்துணி வெள்ளையாக வந்தது. "ஊறுகா போட்டுட்டியேக்கா என் கால," என்றான் சிலுவைராஜ். முழங்காலுக்குக் கீழே இளஞ்சிவப்பாகப் புதுச் சதை.

அப்போது மேஸ்திரி சொக்கலிங்கம் வாசலில் வந்து நின்றார். மனைவி போய் மூன்று வாரம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"சிஸ்டரம்மா, இந்தப் பக்கம் வந்தேன், உங்களப் பாக்காம போக மனசு வரல. பெத்த தாயி செய்வாளா? நாளைக்கு மூணு வாட்டி கழுவி விட்டீங்களே. உசுரு போறப்பகூட அவ உங்க கையத்தான் கேட்டா."

ரோசலின் ஜாடியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். இழுக்க முடியவில்லை. அவர் கண்ணீர் சூடாக அவள் விரலிடுக்குகளில் இறங்கியது. அவர் விடவில்லை.

வெகுநேரம் விடவில்லை.

அவர் போன பிறகு, ஜாடி மேசைக்கு மேலே, சுவரில், கரிக்கட்டியால் எழுதினாள். ஒன்பது வார்டுகளுக்கும் அதையே எழுதினாள்.

செட்ரிமைட்டை அன்றன்று காலையில், கொதித்து ஆறிய நீரில் கரைக்கவும். ஜாடியை முதலில் கொதிநீரில் வேகவைக்கவும். கண்ணாடி மூடி மட்டும், கார்க் கூடாது. உள்ளே பஞ்சை ஊறவைக்கக் கூடாது, கையை விடக் கூடாது. வேண்டிய அளவு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளவும். சோப்பு போட்டிருந்தால் நன்றாக அலசிய பிறகே மருந்து. சோப்பு மருந்தைக் கொன்றுவிடும். சாயங்காலம் மிஞ்சியதைக் கொட்டிவிடவும், கப்பல் வராவிட்டாலும். பழையதன்மேல் புதியதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.