என்னை அரெஸ்ட் பண்ணுங்க!

செல்போன் அலறியது.

எடுத்தால், அதைவிடப் பெரிதாக அக்கா அலறினாள்.

"மாத்திரை வருதாடி... இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுற வரைக்கும் கத்தட்டுமா?"

"வாங்கிட்டேன்க்கா. கார்ல ஏறப் போறேன். பல்லைக் கடிச்சுக்கோ."

"வலி பல்லுல இல்லடி... எலும்புல!"

எலும்பில் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை மட்டுமே அக்காவைத் தூங்க வைக்கும். இந்த மாதத்துக்கு இவ்வளவுதான், தொலைத்துவிட்டு வந்து நிற்காதீர்கள் என்று ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டரில் எச்சரித்தே கொடுத்திருந்தார்கள்.

தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். 'கிளட்ச்! கிளட்ச்!' என்று கத்திக் கத்தியே கிளட்ச் டீச்சர் என்று பெயர் வாங்கியவள். பார்க்கிங்கில் காரை நெருங்கினாள்.

கதவின்மேல் ஒரு கை விழுந்தது!

கூலிங் கிளாஸ். ஒட்ட வெட்டிய முடி. ஏதோ ஓர் அட்டை கண்ணெதிரே மின்னி, படிப்பதற்குள் பாக்கெட்டுக்குள் ஓடிப் போனது.

"போதைத் தடுப்புப் பிரிவு. பையைக் காட்டும்மா."

காட்டினாள்.

"மார்ஃபின்! கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கையில வெச்சிருந்தாலே கேஸ்... தெரியும்ல?"

"டாக்டர் சீட்டு இருக்கு சார். எங்க அக்கா பேர்ல."

"சீட்டையெல்லாம் கோர்ட்ல காட்டு. ஜாமீன் கூட கிடைக்காது!"

மாத்திரை அட்டைகள் அவன் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயின.

அப்புறம் அவன் குரல் திடீரென்று வெண்ணெயாகியது.

"உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. கேஸு கீஸு எதுவும் வேணாம். சரக்கை மட்டும் விட்டுட்டு வீட்டுக்குப் போ."

டீச்சரின் மூளை கியர் மாற்றியது.

குற்றவாளியை விட்டுவிட்டு, சரக்கை மட்டும் பிடிக்கிற போலீஸா...?

"முடியாது சார்."

"என்ன முடியாது?"

"நான் போக மாட்டேன். என்னை அரெஸ்ட் பண்ணுங்க!"

"ஏய்..."

"சீல் எங்க? சாட்சி எங்க? எடுத்ததுக்கு ரசீது எங்க? ஐயா... அம்மா... இங்க வாங்க! நான் போதை மருந்தோட மாட்டிக்கிட்டேன்! இவரு என்னைப் பிடிக்க மாட்டேங்கறாரு!"

வகுப்பெடுத்துப் பழகிய தொண்டை. பார்க்கிங்கே திரும்பியது. செக்யூரிட்டி தாத்தா ஓடி வந்து கூலிங் கிளாஸுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"விடாதீங்க சார்! இந்த மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக் கூடாது!"

கூட்டம் வளையமாக இறுகியது. எல்லோர் கையிலும் செல்போன் கேமரா!

"ஜீப் வரலையா சார்? பரவாயில்ல. என் கார்லயே போலாம்."

"இல்லம்மா... அது வந்து..."

யாரோ ஒரு நல்ல மனிதர் பின்கதவைத் திறந்தார். இன்னொரு நல்ல மனிதர் அவனை உள்ளே தள்ளிச் சாத்தினார்.

கார் சீறியது.

"ஏம்மா... அந்த முனையில நிறுத்து. நான் இறங்கிக்கறேன்."

"பெல்ட் போடுங்க சார்."

"நிறுத்துடீ!"

அவன் கதவை இழுத்தான். திறக்கவில்லை.

"சைல்டு லாக் சார். சின்னப் பசங்க ஓடற வண்டியில இருந்து குதிச்சுடக் கூடாதுல்ல?"

"மாத்திரையைக் குடுத்துடறேன்! ஆளை விடு தாயே!"

"எனக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட பிடுங்கின? அவங்க வீட்டுல எல்லாம் ராத்திரி யாரு தூங்கினா?"

அவன் மறுபடி கதவை இழுத்துப் பார்த்தான்.

போலீஸ் ஸ்டேஷன். பெண் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"இவர் என்னை அரெஸ்ட் பண்ணியிருக்கார் மேடம். வழி தெரியல போல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தாள்.

"எந்த யூனிட்? மேலதிகாரி பேரு?"

அவன் வாசல் பக்கம் நகர்ந்தான். கான்ஸ்டபிள் அவன் பாக்கெட்டில் கை விட்டார். மேஜைமேல் மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"அது என்னுது இல்ல மேடம்! சத்தியமா அந்தம்மாவோடது!"

"அவங்க மருந்துக்கு உன் பாக்கெட்ல என்ன வேலை?" இன்ஸ்பெக்டர் சிரித்தாள். "சீட்டு இருக்கறவங்க கையில இருந்தா அது மருந்து. சீட்டில்லாத உன் பாக்கெட்ல இருந்தா அது கேஸு. இப்ப சொன்னியே... அதுக்குப் பேரு வாக்குமூலம்!"

அவனை உள்ளே தள்ளி லாக்கப் கதவைச் சாத்தினார்கள்.

டீச்சர் மாத்திரைகளை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா. அது இப்ப வழக்குச் சொத்து. கோர்ட்டுக்குப் போகணும்."

டீச்சர் பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"சரி மேடம். எங்க அக்காவை இங்கயே தூக்கிட்டு வந்துடறேன். அவ கத்தறதையும் சேர்த்து எழுதிக்குங்க."

"மிரட்டறீங்களா?"

"ஆமா மேடம்."

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தாள். பிறகு, முறைப்பை மாற்றாமலே போனை எடுத்து ஆஸ்பத்திரியோடு பேசினாள். வைத்தாள்.

"புகார் நகலைக் காட்டினா புதுசா தருவாங்க. எங்க ஜீப் முன்னாடி போகும். கிளம்புங்க... என் மனசு மாறறதுக்குள்ள!"

ஜீப்பின் சைரன் வழி விலக்க, புது மாத்திரைகளோடு கார் வீட்டை நோக்கிப் பறந்தது.

போன்.

"எங்கடி தொலைஞ்ச?" அக்காவின் குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"தெருமுனைக்கு வந்துட்டேன்க்கா. வழியில ஒருத்தருக்கு லிஃப்ட் குடுத்தேன்."

"நான் இங்க உயிர் போற மாதிரி கிடக்கேன், உனக்கு லிஃப்ட் கேக்குதா! திரும்ப அவனைக் கூட்டிட்டு வர வேற போகணுமா?"

"வேணாம்க்கா... வரதுக்குச் சில வருஷம் ஆகுமாம்!"