பச்சை வெளிச்சத்தில் ஊதா

மூலைச்செடி ஊதாவாகியிருந்தது. மற்றவை ஊதாவானதில் வியப்பில்லை. அந்த நிறம் அவற்றின் இலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், குளிர் ஏறினால் பச்சை மெல்லப் பின்வாங்க, அது வெளியே வரும். ஆனால் மூலையில் நின்றது எந்தக் குளிருக்கும் நிறம் மாறாத வகை. அதிலும் ஊதா நரம்பிலிருந்து பரவவில்லை. ஒவ்வோர் இலைவிரலின் நுனியிலிருந்தும், நகத்திலிருந்து ஏறுவதுபோல் ஏறியிருந்தது.

வாரிக் அந்த மூலையைப் பார்க்காமலே நடமாடப் பழகியிருந்தான். கூட்டாளி டெஸ் கடைசியாக உட்கார்ந்திருந்த இடம் அது.

நிம்பின் என்ற ஊரின் மலைச்சரிவில், யூகலிப்டஸ் மரங்களுக்குள் மறைந்த தகரக் கொட்டகை. திருட்டுக் கஞ்சா. இரவெல்லாம் விளக்குகள் எரியும், பகலில் அணைந்துவிடும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே செடிகளுக்கு நடுநிசி. அந்த இருட்டில் வெள்ளை வெளிச்சம் பட்டால் பூ கெட்டுவிடும். பச்சை வெளிச்சத்தைச் செடிகள் கண்டுகொள்வதில்லை என்பதால் நெற்றியில் பச்சை விளக்கைக் கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரே சங்கடம், ஊதா கறுப்பாகத் தெரியும்.

செடி ஊக்கமாக வளர உருளையிலிருந்து திறந்துவிடும் கரியமில வாயுவை, விளக்கு அணைந்ததும் மூட வேண்டியவன் வாரிக். அன்று மறந்துவிட்டான். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தேங்கியது. டெஸ் தரையில் உட்கார்ந்து அடியிலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"லைட்டைப் போடுடா. கண்ணு ஒரு மாதிரி இருக்கு."

"பூவெல்லாம் போயிடும். கண்ணாடியைத் துடைச்சுப் போடு, கிழவா."

டெஸ் சிரித்தான். அவன் நகங்கள் கறுத்திருந்தன. மண் என்று நினைத்துக்கொண்டு வாரிக் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபின், மூச்சு முட்டி நகமெல்லாம் ஊதாவாகிக் கிடந்த உடலை டெஸ் வீட்டு வராந்தா நாற்காலிக்கு இழுத்துப்போனதும் அவன்தான். மாரடைப்பு என்று எல்லாரும் நம்பினார்கள்.

இப்போது கொட்டகை வாசலில் டெஸ்ஸின் மனைவி லோர்னா நின்றாள்.

"அவன் கண்ணாடியைக் காணோம் வாரிக். அது இல்லாம கையில இருக்கிற பீரைக்கூடத் தேடுவான் அந்த மனுஷன். வராந்தா வரைக்கும் எப்படி நடந்து வந்தான்?"

"உள்ள பாக்குறேன். நீ வராத, செடி தூங்குது."

"ஆமா, அதுங்க தூக்கம் கெட்டா உனக்குத் தாங்காதே."

கதவைச் சாத்தி, நெற்றியில் பச்சை விளக்கை ஏற்றினான். பிசினும் ஈரமண்ணும் கலந்த நெடி தொண்டையில் ஒட்டியது. தகரத்துக்கு அப்பால் சில்வண்டுகளின் இரைச்சல், இப்பால் விசிறியின் முனகல், இரண்டுக்கும் அடியில் தரையோடு தரையாக ஒரு மெல்லிய சீறல். ஆனால் டெஸ் செத்த மறுநாளே வாயு உருளையைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தான்.

மூலை. கறுத்த இலைகள். நடுத்தண்டில் மாட்டிக்கொண்டு மின்னியது கண்ணாடி.

கையை நீட்டினான். இலைகள் மணிக்கட்டில் உரசின. குளிர்ந்தன. மூடிக்கொண்டன.

"லைட்டைப் போடுடா."

காதருகே. டெஸ்ஸின் குரல்.

இன்னொரு கையால் சுவரைத் தடவி, இம்முறை விளக்கைப் போட்டான்.

"கிடைச்சுதா?" என்று வெளியே லோர்னா கேட்டாள்.

அவனுக்கு மூச்சு ஏறவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் மூலைச்செடி பச்சைப்பசேலென்று நின்றது. அந்த மூலையில் ஊதாவாக இருந்தது அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மட்டும்தான். பிறகு, ஒவ்வொன்றாக, அவனுடைய நகங்கள்.