பெரியாயி கொண்டுவந்த விண்கல்

காலையில் மூன்று பவுண் நிறுத்த இரும்புத்துண்டு, அஸர் தொழுதுவிட்டு வந்து மறுபடி வைத்தபோது மூன்றேகால் காட்டியது. ஜுனைதீன் நகைத் தராசின் தட்டுகளைத் துடைத்தார். படிக்கற்களை மாற்றிப் பார்த்தார். மூன்றேகால்தான்.

பதுளையில் நகைக்கடை வைத்திருந்த அவருக்குத் தங்கத்தைவிட, வானத்திலிருந்து விழும் இரும்பின்மேல்தான் ஆசை. பதினைந்து வருடங்களில் ஆறு துண்டுகள் சேர்த்திருந்தார். எதுவும் கொட்டைப்பாக்கைவிடப் பெரிதில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, வீட்டு முன்னறைக் கண்ணாடிப் பெட்டியில் பஞ்சின்மேல் வைத்திருந்தார். இது ஏழாவது. ஒரு முகத்தை அராவி அமிலம் தொட்டதும், விண்ணிரும்பில் மட்டுமே எழும் கோடுகள் பாய்முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாக எழுந்தன. அசல்தான்.

போன வாரம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அதைக் கொண்டுவந்த பெரியாயி, கொழுந்து பறிப்பவள், பதிலுக்கு எதையும் வாங்க மறுத்துவிட்டாள்.

"ஒண்ணும் வேணாங்க மொதலாளி. எங்க லயத்து வீட்டுல இது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எம்புருசன் அழகரு தோட்டத்துல தண்ணிக் கான் வெட்டுறப்ப எடுத்தாரு. தலமாட்டுலயே வச்சிருந்தாரு. போன வருசப் பஞ்சத்துல மெலிஞ்சு செத்துட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரு மெலியவே இல்லைங்க. ஆனா பொதைக்கப் போறப்ப ஒத்த ஆளு, ஒரு கையில தூக்கிட்டுப் போனான்."

புருசனைப் பறிகொடுத்தவளின் பேச்சு என்று அவர் அதை விட்டுவிட்டார்.

மறுநாள் ஐந்து பவுண். அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. அதற்குப் பிறகு நகைத் தராசு போதவில்லை, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அளவில் மயிரிழைகூடக் கூடவில்லை. பூசிய எண்ணெய் மட்டும் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சப்பட்டு, இரும்பு வறண்டு, மழைக்கு முன் மண்ணிலிருந்து எழும் வாசனையை விட்டுக்கொண்டு கிடந்தது. உலகத்தில் வேறெவனிடமும் இப்படியொன்று இருக்காது என்ற நினைப்பில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் அவரும் மனைவி ஸகீனாவும் மட்டும்தான்.

"இங்க பாருங்க," என்றாள் அவள், தேநீர்க் கோப்பையை நீட்டியபடி. "ரெண்டு நாளா நான் நடக்கிற சத்தம் எனக்கே கேக்குதில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படியே உருண்டையாக இருந்தது. காப்புகள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் திரும்பி நடந்தாள். யார் மிதித்தாலும் முனகுகிற முன்னறைப் பலகை, அவள் மிதித்தபோது முனகவில்லை.

ஒரு கையில தூக்கிட்டுப் போனான்.

அன்றைக்கே எறிந்திருக்கலாம். அப்போது அது இரண்டு கைக்கும் அடங்கிய பாரமாகத்தான் இருந்தது. நாளைக்கு, இன்னும் ஒரேயொரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வரும்போது, ஆடி மாதத்துக் கச்சான் காற்று மலையிலிருந்து இறங்கி, தகரக்கூரைகளை உலுக்கி, சந்தில் புழுதியைச் சுழற்றி, காய்ந்த யூக்கலிப்டஸ் இலை வாசனையை ஊரெங்கும் அப்பிக்கொண்டிருந்தது. முன்னறைக் கதவைத் திறந்தார்.

கண்ணாடிப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது. கீழே பலகையில் ஓட்டை. ஓட்டைக்கடியில், மண்ணில் பாதி புதைந்து அது. இன்னும் அதே பாக்களவுதான்.

மண்டியிட்டுப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. இரத்தமும் உடனே உறிஞ்சப்பட்டது.

"இங்க வாங்க!"

கொல்லைப்புறம். ஸகீனாவின் குரல். அது தரையிலிருந்து வரவில்லை. கூரை உயரத்திலிருந்து வந்தது.

ஓடினார். காலடிச் சத்தமில்லை.

துணி காயப்போடும் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, தலைகீழாக, பாதங்கள் வானத்தை நோக்க, அவள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொங்கிய சாரங்களைப் போலவே.

"புடிங்க... என்னைப் புடிங்க!"

பாய்ந்து கம்பியை ஒரு கையால் பற்றி, மறுகையால் அவளுடைய இடுப்பை வளைத்துப் பிடித்தார். பிடித்ததில் ஒன்றுமேயில்லை. வெறும் துணியைப் பிடித்ததுபோல. கம்பி கட்டியிருந்த ஆணி, ஒவ்வொரு காற்றுக்கும் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"விட்டுடாதீங்க."

"விட மாட்டேன்."

காலை ஊன்ற நினைத்துக் குனிந்து பார்த்தார். அவருடைய செருப்புகள் இரண்டும் கீழே, கால் எட்டாத ஆழத்தில், மண்ணில் கிடந்தன.