நோட்டுப் புத்தகத்தில் நான்கு எண்கள்

1971 டிசம்பரில் போர் நடந்துகொண்டிருந்தது. சந்தேகப்படும்படி யாராவது சுற்றினால் சொல்லவேண்டும் என்று ரேடியோ தினமும் எச்சரித்தது. அதிலிருந்து பழவேற்காட்டு மீனவர்கள் புதிதாக வரும் பால்காரரைக்கூட இரண்டு முறை உற்றுப் பார்த்தார்கள்.

பதினோரு வயது கோவிந்தம்மாவின் கண்ணில் ஓர் ஆள் பட்டான். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில், எலும்புக்கூடு செதுக்கிய கல்லுக்குப் பக்கத்தில், மூன்று நாளாக வந்து உட்கார்ந்தான். வானத்தைப் பார்ப்பான், நோட்டில் எழுதுவான், ஏதோ முணுமுணுப்பான். ஆள் நடமாட்டம் கேட்டால் சட்டென்று வாயை மூடிக்கொள்வான்.

மூன்றாம் நாள் அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது, அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் 1948, 1950, 1963, 1968 என்று எண்கள். பக்கத்தில் அவளுக்குப் புரியாத ஆங்கில எழுத்துகள். அடுத்த பக்கத்தில் இறக்கைகள், அவற்றைச் சுற்றி அம்புக்குறிகள்.

அவள் ஓடிப்போய் அப்பா நாகப்பனிடம் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞன் மீன் ஏலக் கொட்டகையில் உட்காரவைக்கப்பட்டிருந்தான். என் பெயர் லோகநாதன், ஊர் மீஞ்சூர், சென்னையில் கல்லூரியில் படிக்கிறேன் என்றான். என்.சி.சி. விமானப் பிரிவில் இருப்பதாகவும், அதன் பரீட்சைக்குப் படிக்க வந்ததாகவும் சொன்னான். வீட்டில் எட்டுப் பேர், படிக்க இடமில்லையாம். யாரும் நம்பவில்லை. பையில் இருந்த தொப்பிச் சின்னத்தைக் காட்டினான். அதைத் திருடியிருக்கலாமே என்றார் சிங்காரம். படகுக்காரர்களிலேயே அவருக்குத்தான் சந்தேகம் அதிகம். பொன்னேரி போலீசுக்கு ஆள் அனுப்புவதென்று முடிவாயிற்று.

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தா என்னை என்.சி.சி.யில வெச்சிருக்க மாட்டாங்க,” என்றான் லோகநாதன்.

தன்னால்தான் இத்தனையும் என்று கோவிந்தம்மாவுக்குப் பட்டது. நோட்டு அவள் கையில்தான் இருந்தது. மறுபடியும் எண்களைப் பார்த்தாள். நான்குமே பத்தொன்பதில் தொடங்கின. பள்ளிக்கூடத்தில் சுதந்திரம் வந்த ஆண்டென்று படித்த 1947-ம் அப்படித்தானே தொடங்கும்?

“நைனா, ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள். நாகப்பன் தலையாட்டினார்.

நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நான் நம்பரைச் சொல்றேன். அது இன்னான்னு நீ சொல்லுண்ணா. நாப்பத்தெட்டு?”

“என்.சி.சி.க்குச் சட்டம் வந்த வருஷம்.”

ஐம்பதில் விமானப் பிரிவு தொடங்கியது என்றான். பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான் முதலில் வந்ததாம். அறுபத்து மூன்று என்று அவள் கேட்டதும், சீனப் போருக்குப் பிறகு கல்லூரி மாணவர்கள் எல்லோரும் என்.சி.சி.யில் சேரவேண்டும் என்று ஆக்கினார்கள் என்றான். அறுபத்தெட்டில் விருப்பமுள்ளவர்கள் சேர்ந்தால் போதும் என்று மாற்றினார்களாம்.

எல்லாமே மனப்பாடம் பண்ணிய பொய்யாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிங்காரம் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“அறுபத்து மூணுல எங்க அக்கா மவன் பட்டணத்துல காலேஜுல சேர்ந்தான்,” என்றார் மெல்ல. “எல்லாரும் பரேடு போயே தீரணும்னாங்களாம். கால் நோவுதுன்னு வாராவாரம் அழுவான். பையன் சொல்றது நெசந்தான்.”

பிறகு அந்த இறக்கைப் படத்தை நாகப்பனே வாங்கிப் பார்த்தார். அவர் மீசை லேசாகத் துடித்தது.

“இது பூநாரை. எதிர்க்காத்துல ஓடித்தான் எழும்பும். அதைத்தான் போட்டு வெச்சிருக்கான்.”

விமானமும் அப்படித்தான் எழும்பும் என்று லோகநாதன் சொன்னதும், படகுக்காரர்கள் அந்த அம்புக்குறிகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்கள். ஓர் அம்பு தப்பான பக்கம் போகிறது என்று இரண்டு பேர் திருத்தமும் சொன்னார்கள்.

கோவிந்தம்மா நோட்டை அவனிடம் நீட்டினாள். “நான்தான் போய்ச் சொன்னேன்ணா. தப்பா நெனைச்சுக்காத.”

“நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்,” என்றான் லோகநாதன். “ஆனா, முதல்ல ஆளைக் கேட்டிருப்பேன்.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அன்று மதியம் அவர்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. சிங்காரம் அழைக்காமலே வந்து உட்கார்ந்து, பெரிய நண்டுக் காலாகப் பார்த்து உடைத்து உடைத்து லோகநாதன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.